கல்லாப்பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

மற்றவர்களின் பாஸ்வேர்டுகளைப் பூட்டிக் காப்பதே லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் தொழில். 2022-இல் அந்தப் பெட்டகத்திலேயே கன்னம் வைத்துவிட்டார்கள். அங்கே முக்கியச் சாவிகளைக் கையாளும் அனுமதி நான்கு பொறியாளர்களுக்கு மட்டுமே இருந்தது. திருடர்கள் நுழைந்தது அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ப்ளெக்ஸ் என்ற மென்பொருளை அதில் வைத்திருந்தார்கள். அதிலிருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2020 மே மாதமே வந்துவிட்டது. அந்த வீட்டில் அதை யாரும் போடவில்லை. அந்த வழியே வந்தவர்கள், கீபோர்டில் தட்டுவதையெல்லாம் குறித்துக்கொள்ளும் நிரல் ஒன்றை உள்ளே வைத்தார்கள். பொறியாளர் அலுவலகப் பெட்டகத்தைத் திறக்கத் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டு அப்படியே அவர்கள் கைக்குப் போயிற்று. படம் பார்க்கும் கம்ப்யூட்டரிலேயே பெட்டகத்தையும் திறந்ததால் வந்த வினை இது.

வீட்டிலிருந்து தொழில் பார்க்கும் சிறு வியாபாரிக்குத் தகவல் பாதுகாப்பு என்றதும் விலையுயர்ந்த மென்பொருள்தான் நினைவுக்கு வருகிறது. அதைவிட முதலில் வேண்டியது பிரித்து வைத்தல். வீட்டுச் செலவையும் கடைக் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதக் கூடாது என்பது நம் வணிகர்களுக்குப் புதிய பாடம் இல்லை. கணக்கெழுதும் வேலை வீட்டுக்கு வந்தபோது அந்த வழக்கம் மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது. கணக்கெழுதும் மென்பொருளான டேலி இருக்கும் லேப்டாப்பில்தான் பையனின் கேமும் ஏறுகிறது. பில்லும் காசோலைப் படமும் வேலையாட்களின் ஆதார் நகலும் வாட்ஸ்அப்பில் வந்து, பிறந்தநாள் படங்களோடு கேலரியில் உட்கார்ந்துகொள்கின்றன. வாட்ஸ்அப் படங்களையும் சேர்த்து கூகுள் போட்டோஸில் ஏற்றும்படி வைத்திருந்தால், அந்தக் கணக்கைத் திறக்கும் வீட்டார் எல்லோர் கண்ணிலும் அவை படும். ஒரு வாட்ஸ்அப் கணக்கை முதன்மை போன் தவிர நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். என்றோ ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கத் திறந்த வாட்ஸ்அப் வெப்பும் அந்த நான்கில் ஒன்றாக இன்னும் திறந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

“என் கடையை எவன் குறிவைக்கப் போகிறான்?” என்று கேட்பவர்கள் உண்டு. பல தாக்குதல்களில் யாரும் யாரையும் குறிவைப்பதே இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் சிக்கின, பெயர் தெரியாத சின்ன அலுவலகங்களும் சிக்கின. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்த அப்டேட்டைப் போடாத கம்ப்யூட்டரா என்பதை மட்டுமே அந்த நிரல் பார்த்தது.

“இரண்டாவது லேப்டாப் வாங்கப் பணம் எங்கே?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பிரிப்பதற்கு லேப்டாப் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. விண்டோஸிலேயே தொழிலுக்கு ஒரு யூசர் கணக்கு, பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத இன்னொரு கணக்கு என்று காசு செலவில்லாமல் வைத்துக்கொள்ளலாம். இது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். டேலியில் டேலிவால்ட் என்ற வசதி இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் கணக்கைப் படிக்க முடியாதபடி மாற்றிவிடும். அந்தப் பாஸ்வேர்டு மறந்துபோனால் முதலாளிக்கும் அதே கதிதான். ஆகவே அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டுக்குத் திருடன் வரமாட்டானா என்றால், வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு உங்கள் பீரோ எட்டாது. சொந்தப் பிள்ளையை நம்பாமல் இதையெல்லாம் செய்வதா என்று வருத்தப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் பிள்ளை மேல் இல்லை, அவன் இலவசமாக இறக்கும் கேம் மேல்தான்.

பிரித்து வைத்தாலும் தீராத ஆபத்து ஒன்று உண்டு. 2020 ஜூலையில், ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரத்தில், ட்விட்டர் நிறுவன ஊழியர்கள் சிலருக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசுவதாக போன் வந்தது. இணைப்புக் கோளாறைச் சரிசெய்கிறோம் என்று சொல்லிப் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டவைத்தார்கள். பிரபலங்களுடையது உட்பட சுமார் 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். அலுவலகமாக இருந்தால் பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்தப் பக்கத்து மேசை இல்லை. சரக்கு கொடுப்பவரின் பெயரில் “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று மெயில் வரும்போதும் இதே நிலைதான். மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் போய்விட்டால் அதே நிமிடம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

கலந்து கிடப்பதில் பலரும் கவனிக்காத இடம் ஜிஎஸ்டி பதிவு. பதிவு செய்யும் நாளில் அவசரத்துக்குக் கணக்கு எழுதுபவரின் செல்போன் எண்ணையும் மெயிலையும் கொடுத்துவிடுகிறார்கள். அவர் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்வரை ஒரு குறையும் தெரியாது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகும் தொழிலின் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவர் ஒத்துழைக்காவிட்டால், எண்ணை மாற்ற உரிமையாளர் ஆவணங்களை எடுத்துக்கொண்டு தன் பகுதிக்குரிய வரி அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அவர் வேலையில் இருக்கும்போதே மாற்றினால், அவர் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டுவாங்கி, உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம்.