நள்ளிரவுத் திருப்பலியில் நான்கு ஊதுகருவிகள்

டிசம்பர் பிறந்ததும் பங்குகளில் குடில் வேலையும் பாடல் பயிற்சியும் தொடங்கிவிடுகின்றன. எங்கள் பங்கின் பேண்டு குழுவில் இன்று எஞ்சியிருப்பவர்கள் நால்வரே: இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஒரு யூஃபோனியம். இவற்றைக் கொண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவில் எதை வாசிப்பது என்ற கேள்வி எங்களுக்கு ஆண்டுதோறும் வருகிறது.

பித்தளைக் கருவிகள் ஆலயத்திற்குள் எளிதில் வந்துவிடவில்லை. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட திரு இசை மடல், பேண்டு குழுக்கள் ஆலயத்தில் வாசிப்பதைக் கண்டிப்பாகத் தடை செய்தது. இடத்தின் அளவுக்கு ஏற்ற ஒருசில ஊதுகருவிகளை மட்டும், அதுவும் ஆயரின் ஒப்புதலோடு, சிறப்பு வேளைகளில் ஏற்றுக்கொண்டது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் மற்ற கருவிகளுக்கும் தாராளமாக இடம் தந்தது. ஆயினும் அந்தப் பழைய அச்சம் வீணானதல்ல என்பதை ஒரு நள்ளிரவுத் திருப்பலியில் நாங்கள் உணர்ந்தோம்.

அன்று டிரம்பெட் கணீரென்று ஒலிக்க வேண்டுமென்று எல்லாப் பாடல்களையும் உயர்ந்த சுருதியில் வைத்திருந்தோம். இரண்டாவது சரணத்திலேயே இறைமக்களின் குரல் நின்றுபோயிற்று. எங்கள் ஓசை மட்டுமே கேட்டது. வாசித்தது பிழையில்லை, ஆனால் பாட வந்தவர்களை வாயடைக்கச் செய்துவிட்டோம்.

அதுமுதல் பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, மக்கள் எதுவரை பாடுவார்கள் என்பதையே முதலில் பார்க்கிறோம். 'அதெஸ்தே ஃபிதேலெஸ்' பாடலை எஃப் சுருதியில் வைத்தால் எவருக்கும் தொண்டை கட்டாது. பி-ஃபிளாட் டிரம்பெட் ஒரு முழுச்சுரம் மேலே எழுதி வாசிக்கும் கருவி. எனவே எஃப் அவருக்கு ஜி ஆகிவிடும், எளிது. கீபோர்டுக்காரர் டி சுருதியில் தொடங்கினாலோ டிரம்பெட்டுக்கு நான்கு ஷார்ப் வந்துவிடும்! இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் பீடத்தருகே சண்டையிடுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம்.

நான்கு குரல்களில் எழுதப்பட்ட பாடலைப் புதிதாக அமைக்கத் தேவையில்லை. குரலுக்கு ஒரு கருவியாகப் பிரித்துக்கொள்ளலாம். 'ஹார்க் த ஹெரால்டு' பாடலின் மெட்டு பித்தளைக்கு இயல்பாகவே பொருந்தும். மெண்டல்சன் அதை 1840-இல், கூட்டன்பர்க் அச்சுக்கலை விழாவுக்காக ஆண் குரல்களுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் எழுதினார். சமய வரிகளுக்கு அது பொருந்தாது என்பது அவர் எண்ணம்! 1855-இல் கம்மிங்ஸ் என்பவர் வெஸ்லியின் பாடலை அதனோடு இணைத்தார்.

திருவருகைக் காலத்தில் கருவிகளை அளவோடு பயன்படுத்த வேண்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொள்ளக் கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கூறுகிறது. ஆகவே அந்த ஞாயிறுகளில் நாங்கள் ஆலயத்தில் வாசிப்பதில்லை. எங்கள் முதல் ஒலி நள்ளிரவின் வானவர் கீதத்திற்கே. இதனால் உதடுகளுக்கும் நன்மை. வீடு வீடாகக் கேரல் ஊதிக் களைத்த உதடு மென்மையாக ஊத மறுக்கும்.

மென்மை வேண்டிய பாடல் ஒன்று உண்டு. 'சைலண்ட் நைட்' 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் கிதாரோடுதான் முதலில் பாடப்பட்டது. குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலுக்கு எடுத்துச் செல்லும்போது அதை யூஃபோனியம் மட்டும் வாசிக்கிறது. கடைசிச் சரணத்தில் நால்வரும் கருவிகளை மடியில் வைத்துவிட்டு, மக்களோடு பாடுகிறோம்.