மாமத் குகை: வழிகாட்டியின் பின்னே ஒரு நடை

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைதான் உலகிலேயே நீளமான குகை. இதுவரை அளந்து வரைபடத்தில் ஏற்றிய பாதைகள் மட்டுமே 680 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. சுற்றுலாப் பயணிக்குக் காணக் கிடைப்பது அதில் சில கிலோமீட்டர்தான். அதையும் பெரும்பாலும் தேசியப் பூங்காவின் ரேஞ்சர் முன்னே நடக்க, கூட்டமாகச் சென்றுதான் பார்க்க முடியும்.

கோடையில் பழைய வாசலின் படிகளில் இறங்கும்போதே குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. குகைக்குள் ஆண்டு முழுவதும் சுமார் 12 டிகிரி செல்சியஸ்தான். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், வெளியே வெயில் ஏறும் மாதங்களில் அது தாழ்ந்த வாசல்கள் வழியே வெளியே வழிகிறது. குளிர்காலத்தில் திசை மாறி, வெளிக்காற்றைக் குகை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஜூலை மாதமானாலும் ஸ்வெட்டர் தேவை.

குகை என்றதும் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே பல இடங்களில் வெறும் பாறைக் கூடங்களே காத்திருக்கின்றன. சுண்ணாம்புப் பாறையின் மேல் மணற்கல் அடுக்கு ஒன்று கூரையாகப் படிந்து, மழைநீரைக் கசிய விடாமல் தடுக்கிறது. நீர் சொட்டாத இடத்தில் விழுது வளராது. ஆனால், அந்த வறட்சியால்தான் மற்ற பல பொருட்கள் அழியாமல் தங்கியிருக்கின்றன. 1812-ல் பிரிட்டனுடன் போர் மூண்டபோது, துப்பாக்கி மருந்துக்கான வெடியுப்பை இந்தக் குகை மண்ணிலிருந்துதான் அடிமைகளை வைத்து எடுத்தார்கள். தண்ணீர் கொண்டுவர அவர்கள் குடைந்த மரத்தடிக் குழாய்களையும் மண்ணைக் கரைத்த தொட்டிகளையும் இன்றும் பார்க்கலாம்.

இங்கே வழிகாட்டிகளின் கதைதான் குகையைவிடப் பெரியது என்பேன். 1838-ல் குகையை வாங்கிய பிராங்க்ளின் கோரின், ஸ்டீபன் பிஷப் என்ற கறுப்பின இளைஞரை வழிகாட்டி வேலைக்குக் கொண்டுவந்தார். பிஷப் ஓர் அடிமை. அதுவரை எல்லோரும் திரும்பிப் போன ‘அடியற்ற குழி’யின் குறுக்கே ஏணியைப் போட்டு, அதன்மேல் தவழ்ந்து அக்கரை சேர்ந்தார். குழியின் ஆழம் 30 மீட்டருக்கு மேல். கையில் இருந்தது எண்ணெய் விளக்கு. அதற்கப்பால் நிலத்தடி ஆறுகளும் கண்ணில்லாத மீன்களும் வெளிச்சத்துக்கு வந்தன. 1842-ல் அவர் நினைவிலிருந்தே வரைந்த குகை வரைபடம், சில ஆண்டுகளில் அவர் பெயரோடு அச்சேறியது. உடல் மற்றவருக்குச் சொந்தம் என்று சட்டம் சொன்ன நாட்டில் இது நடந்தது. 1856-ல் விடுதலை பெற்ற பிஷப், மறு ஆண்டே இறந்துபோனார்.

அவரோடு வேலை செய்த மாட், நிக் பிரான்ஸ்ஃபோர்டு இருவரும் அடிமைகளே. பிரான்ஸ்ஃபோர்டு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வழிகாட்டினார்கள். 1941-ல் இது தேசியப் பூங்கா ஆனபோது கறுப்பின வழிகாட்டிகளுக்கு இடமில்லாமல் போனது. 2004-ல்தான் அந்தக் குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் மீண்டும் அங்கே வழிகாட்டியானார். சில கூடங்களின் கூரையில் அந்நாளைய பயணிகளின் பெயர்கள் கரியெழுத்தில் தெரிகின்றன. கம்பு நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி, அதன் புகையால் எழுதியவை அவை. பிஷப்பின் பெயரும் குகைக்குள் அப்படித்தான் இருக்கிறது.

இன்று அப்படி எழுதினால் குற்றம். பாறையைத் தொடாதீர்கள் என்று ரேஞ்சர் சொல்வதன் பொருளை ‘குண்டன் படும் பாடு’ என்ற இடுக்கில் நேரிலேயே பார்க்கலாம். பக்கவாட்டில் நுழைந்து போனவர்களின் இடுப்பும் கையும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக உரசியதில், பாறை அங்கே மெருகேறிப் பளபளக்கிறது.

வெளியே வந்ததும் சோப்பு நீர் ஊறிய பாய்களின்மேல் எல்லோரும் நடக்க வேண்டும். இது வௌவால்களுக்காக. வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சைத் தொற்று 2013-ல் இந்தப் பூங்காவில் உறுதியானது. மனிதரை ஒன்றும் செய்யாத அந்தப் பூஞ்சை, குளிர்கால உறக்கத்திலிருக்கும் வௌவாலை அடிக்கடி எழுப்பிவிடுகிறது. பூச்சியே கிடைக்காத பருவத்தில் விழித்த வௌவால், சேமித்த கொழுப்பைத் தீர்த்துவிட்டுப் பட்டினியால் சாகிறது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு பூஞ்சை வேறொரு குகைக்குப் போய்விடும். ஆகவே, வேறு குகைக்கு அணிந்து சென்ற காலணியைப் போட்டுக்கொண்டு இங்கே வரக் கூடாது. இங்கே அணிந்ததை அடுத்த குகைக்குக் கொண்டுபோகவும் கூடாது.