இருபதாவது நிமிடத்தில் இருளும் வீடு

இரவு ஒன்பதரைக்குப் பாத்திரங்களை அடுக்கி டிஷ்வாஷரைப் போடுவேன். தண்ணீர் இறங்கும், உள்ளே விசிறியடிக்கும் சத்தம் கேட்கும். இருபது நிமிடம் ஆனதும் வீடே இருண்டுவிடும். மெயின் பெட்டியில் ஈ.எல்.சி.பி. விழுந்திருக்கும். மூன்று நாள் இதே கதை. பார்க்க வந்த ஒருவர், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "போர்டு போயிடுச்சு மேடம், மாத்தணும்" என்றார். இன்னொருவர் சொன்னது அதைவிடப் பயங்கரம்: "எர்த் ஒயரைக் கழட்டி விட்டுட்டா விழாது."

அந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். ஈ.எல்.சி.பி. என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், இப்போது வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகிற மின்சாரம் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வைப்பது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவு. வித்தியாசம் அந்த அளவுக்கு வந்தால் துண்டித்துவிடும். எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது. கசிகிற மின்சாரம் இயந்திரத்தின் இரும்பு உடம்பில் தங்கி, ஈரக்கையோடு தொடுகிறவர் வழியாகத் தரைக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்தக் கை அத்தையுடையது.

மூன்றாவதாக வந்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். கருவிப் பையைத் திறக்கும் முன்பே கேட்டார்: "எப்ப விழுது அக்கா? போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. டிஷ்வாஷர் எல்லா உறுப்பையும் ஒரே நேரத்தில் இயக்குவதில்லை. முதலில் தண்ணீர் விடும் வால்வு, பிறகு சுழற்சி பம்ப், அப்புறம் ஹீட்டர், நடுவிலும் முடிவிலும் வடிகால் பம்ப். எந்த உறுப்புக்கு மின்சாரம் போகும்போது விழுகிறதோ, முதல் சந்தேகம் அதன் மேல்தான். பிளக்கைச் செருகியதுமே விழுந்தால் ஒயரையும் அது உள்ளே நுழையும் இடத்திலுள்ள மின் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் விழுகிறதென்றால் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சுவர் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. அதனால்தான் கை வைக்கும் முன் பிளக்கையே பிடுங்கச் சொல்கிறார்கள்.

சூடில்லாமல் வெறுமனே அலசும் புரோகிராமை ஓட்டச் சொன்னார். முழுதாக ஓடி முடிந்தது, விழவில்லை. இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கருவியும் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். 29 ஓம். எங்களுடையது 1800 வாட் ஹீட்டர். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் வரவேண்டியதும் அதுதான். காயில் அறுந்திருந்தால் எண்ணே வராது. அப்படியானால் ஹீட்டர் நல்லதா? பலரும் இங்கேதான் ஏமாந்து போர்டை மாற்றுகிறார்கள். அவர் மெகர் எடுத்தார். 500 வோல்ட் கொடுத்து, காயிலுக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே இன்சுலேஷன் எவ்வளவு என்று பார்க்கும் கருவி. பல மெகா ஓம் காட்டவேண்டிய முள், பூஜ்யத்தின் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்கு இந்தக் கசிவு தெரியாமலே போகலாம்.

ஹீட்டர் குழாயில் காயிலைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் பட்டால் அந்தக் குணம் போய்விடும். கழற்றிய வளையத்தை ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினார். எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு சுண்ணாம்புப் பூச்சாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் தேங்காய் ஓடு போலப் பெயர்ந்தது. கீழே முடியளவு விரிசல். உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தேங்குகிறது. தண்ணீரை மென்மையாக்க உதவும் டிஷ்வாஷர் உப்பை ஆறு மாதமாக நிரப்பாமல் விட்டிருந்தோம்.

அப்புறம் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பின்னைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பு. ஹீட்டர் ஓடும்போது ஏறக்குறைய எட்டு ஆம்பியர் இழுக்கும். லூஸான சாக்கெட்டில் டெஸ்டர் எரியும், நைட் லாம்ப் எரியும். இவ்வளவு லோடு வந்தால் அங்கேதான் கருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், தனி 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள்.

எல்லாமே கரண்ட் கோளாறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரம் எதையும் கழுவாமல் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தால், பல மாடல்களில் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி மிதவை சுவிட்ச் தூக்கியிருக்கிறது என்று பொருள். சாதாரணப் பாத்திர லிக்விடை ஊற்றினால் நுரை பொங்கி அங்கே வழியும். பம்ப் உறுமுகிறது, தண்ணீர் போகவில்லை என்றால் ஃபில்டருக்குக் கீழே கையை விடுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. புளியங்கொட்டையோ கண்ணாடிச் சில்லோ அகப்படும்.

புது ஹீட்டரை மாட்டியதும் மறுபடி மெகர் வைத்தார். முள் மேலேயே நின்றது. சாக்கெட்டையும் மாற்றி, சூடான புரோகிராமைப் போட்டுவிட்டு, அத்தை கொடுத்த காபியோடு அங்கேயே நின்றார். இருபது நிமிடம் கடந்தது. அத்தை கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சுடுதுப்பா" என்றார்.