'கூலிங் இருக்கா?'னு மட்டும் கேட்டா போதுமா? கிராஃப்ட் பீரை ருசிப்பது எப்படி?

சங்கரன்கோவில்ல மட்டும் இல்ல, தமிழ்நாட்டுல எந்த ஊர் டாஸ்மாக் கம்பி ஜன்னலுக்கு முன்னாடி நின்னு கேட்டாலும், பீர் வாங்க வர்றவர் வாயில இருந்து வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, கூலிங் இருக்கா?" என்ன பிராண்டுங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அந்தக் கேள்வியில தப்பு இல்ல. வெயில் அப்படி. ஆனா, ரொம்பக் குளிர்ந்த எதையும் நாக்கு சரியா ருசிக்காது. ஐஸ்க்ரீம் உருகினப்புறம் குடிச்சுப் பாருங்க, திகட்டுற அளவுக்கு இனிக்கும். சர்க்கரை அதேதான், குளிர்ச்சிதான் போயிருக்கும். பீரும் அப்படித்தான். பல்லு கூசுற கூலிங்ல மடமடனு இறக்குறப்போ, நாம குடிச்சது என்னனு நமக்கே தெரியாது. தெரியக் கூடாதுனுதான் அப்படிக் குடிக்கிறோமோனு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெங்களூரு இந்திரா நகர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி இந்தச் சந்தேகம் உறுதியாச்சு. நாங்க நாலு பேர், சங்கரன்கோவில்ல ஒண்ணாப் படிச்சவங்க. மூணு பேருக்கு பெங்களூருல வேலை. நாலாவது ஆள் ஊர்லயே பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வெச்சிருக்கான், பஸ் ஏறி வந்திருந்தான். அவன் குடிக்க மாட்டான். காரணம் எங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க வீட்டுல ஓடிக்கிட்டிருந்த ரெண்டு விசைத்தறியும் அவங்க அப்பாவோட குடியிலயே போச்சு. "நான் சும்மா உக்காந்திருக்கேன்லே, நீங்க குடிங்க"னு சொல்லிட்டுத்தான் உள்ளேயே வந்தான்.

போனது ஒரு மைக்ரோ ப்ரூவரி. அதாவது, பீரை அங்கேயே சின்ன அளவுல காய்ச்சி அங்கேயே ஊத்துற இடம். கண்ணாடிக்குப் பின்னால ஆளுயர ஸ்டீல் தொட்டிகள் நிக்கும். இந்தியாவுல இந்தக் கதையை ஆரம்பிச்சுவெச்சவங்கள்ல ஒண்ணு, 2009-ல புனேயில வந்த 'டூலாலி'. அடுத்த வருஷமே பெங்களூருல 'டாய்ட்' வந்துச்சு. பாஸ்மதி அரிசி சேர்த்தே ஒரு பீர் காய்ச்சுறாங்க அங்க. இந்த மாதிரி சின்ன அளவுல, விதவிதமான ருசிக்காகக் காய்ச்சுறதுதான் கிராஃப்ட் பீர்.

எங்க மேஜைக்கு முதல்ல வந்தது 'சாம்ப்ளர்'. ஒரு மரப்பலகையில ஆறு சின்ன கிளாஸ், ஒவ்வொண்ணும் சுமார் 100 மில்லி. வெளிர் மஞ்சள்ல ஆரம்பிச்சு கறுப்புல முடியும். எங்கள்ல ஒருத்தன் முதல் கிளாஸை ஒரே மடக்குல முடிச்சுட்டு, "என்னலே, கூலிங்கே இல்ல!"ன்னான். பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்துச்சு.

கூலிங் கம்மியா இருந்தது வேணும்னேதான். கோதுமை பீர், ஏல் மாதிரி வகைகளுக்கு 7-ல இருந்து 12 டிகிரி செல்சியஸ் சரியா இருக்கும். அப்போதான் வாசம் மேல எழும்பும். நாம 'ருசி'னு சொல்றதுல பெரும்பங்கு மூக்கோட வேலை. மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு ஏலக்காய் மிட்டாயை வாயில போடுங்க. வெறும் இனிப்புதான் தெரியும். கையை எடுத்ததும் ஏலக்காய் வந்து நிக்கும். அதேபோல நுரையைப் பார்த்து 'ஏமாத்துறான்யா'னு சண்டைக்குப் போகாதீங்க. ரெண்டு விரக்கடை நுரை இருந்தாத்தான் வாசம் தங்கும். கிளாஸை லேசா ஒரு சுத்து சுத்தி, மோந்து பார்த்து, சின்னதா ஒரு வாய். அதை முழுங்கணும், துப்பக் கூடாது. பீரோட கசப்பு முழுங்குனப்புறம்தான் முழுசாத் தெரியும்.

பீருக்குள்ள இருக்குறது அடிப்படையில நாலே பொருள். தண்ணி, முளைகட்டி உலர்த்துன பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். கேழ்வரகை முளைகட்டி மாவாக்குனா லேசா ஒரு இனிப்பு வருமே, பார்லியிலயும் அதேதான். முளைவிடும்போது உருவாகுற நொதிகள், அப்புறமா வெந்நீர்ல ஊறவைக்கிறப்போ மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்தும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்னுட்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடும். இது புரிய புனே வரைக்கும் போக வேண்டாம், நம்ம பனைமரமே போதும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி இறக்குனா பதநீர். தடவலைனா, காத்துல இருக்குற ஈஸ்ட் புகுந்து மரத்துலயே நொதிக்க ஆரம்பிச்சுடும், அது கள்ளு. ஒரே பாளை, ஒரே கலயம். தமிழ்நாட்டுல கள்ளுக்கு 1987-ல இருந்து தடை. அது பெரிய அரசியல், அதைத் தனியாத்தான் பேசணும்.

ஆறு கிளாஸ்ல எங்களை அசத்தினது ரெண்டாவது. ஜெர்மன் பாணி கோதுமை பீர், 'ஹெஃபவைசன்'னு பேரு. கலங்கலா இருந்துச்சு. நாங்க மூணு பேரும் குடிச்சுட்டு "நல்லாருக்கு"னு சொன்னதோட சரி. பூக்கடைக்காரன் கிளாஸை வாங்கி மோந்து மட்டும் பார்த்தான். "நல்லா கனிஞ்ச வாழப்பழம்லே. கூடவே கிராம்பு."

பரிமாற வந்த தம்பி சிரிச்சுட்டாரு. ஏன்னா, அது அச்சு அசலான பதில். அதுல பழமும் போடலை, கிராம்பும் போடலை. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குற வாசனைப் பொருட்கள்தான் அப்படி மணக்கும். வாழைப்பழத்துல இருக்குற அதே 'ஐசோஅமைல் அசிடேட்' இதுலயும் இருக்கு. அடுத்தது பெல்ஜியம் பாணி 'விட்பீர்'. "இதுல கொத்தமல்லி விதை, ஏதோ ஆரஞ்சுத் தோலு மாதிரி." அதுவும் சரி. இந்தத் தடவை நிஜமாவே ரெண்டையும் போட்டுத்தான் காய்ச்சியிருக்காங்க. தினமும் விடியக்காலையில மல்லியையும் பிச்சியையும் கையில அள்ளி மோந்து பார்த்தே தரம் சொல்ற மூக்கு அது. நாங்க என்ன பண்ண முடியும்?

நாலாவது ஐ.பி.ஏ. வாயில வெச்சதும் ஒருத்தன் மூஞ்சி வேப்பங்கொழுந்து தின்ன மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கசப்பு ஹாப்ஸோடது. ஹாப்ஸ்ங்கிறது ஒரு கொடியில காய்க்குற பச்சைப் பூங்கொத்து. கசப்பும் கொடுக்கும், பீர் சீக்கிரம் கெட்டுப்போகாமலும் காக்கும். 'இந்தியா பேல் ஏல்'ங்கிற அந்தப் பேருல நாமளும் இருக்கோம். வெள்ளைக்காரங்க காலத்துல இங்கிலாந்துல இருந்து மாசக்கணக்குல கப்பல்ல வந்த பீர்ல ஹாப்ஸைத் தூக்கலாப் போட்டு அனுப்பினாங்க. இந்தியாவுக்காகவே ஒருத்தர் உட்கார்ந்து கண்டுபிடிச்சார்னு சுத்துற கதையை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. ஏற்கெனவே இருந்த பேல் ஏல்தான் இந்த வியாபாரத்துல வளர்ந்து பேர் வாங்குச்சு.

ஐந்தாவது ஒரு சிவப்பு ஏல். சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. கடைசியா கறுப்பு, ஸ்டவுட். காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுத்த பார்லி, அதனால கடுங்காப்பி வாசம். கறுப்பா இருந்தா போதை அதிகம்னு ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்குல்ல, அது பொய். உலகப் புகழ்பெற்ற கறுப்பு பீரான கின்னஸ் டிராஃப்ட்ல ஆல்கஹால் 4.2 சதவிகிதம்தான். நம்ம ஊர்ல பொன்னிறமா வர்ற 'ஸ்ட்ராங்' பாட்டில்ல 8 சதவிகிதம் வரைக்கும் போகும். வெளிர் நிறத்துல இருந்து கறுப்புக்குப் போறதும், கசப்பைப் பின்னாடி வெச்சுக்கிறதும் நாக்குக்காக. முதல்லயே ஐ.பி.ஏ-வை ஊத்திட்டா அப்புறம் கோதுமை பீர் தண்ணி மாதிரிதான் இருக்கும். கிளாஸுக்கு கிளாஸ் நடுவுல தண்ணி குடிங்க. தொட்டுக்க காரமான சிக்கன் வேண்டாம், ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏத்திவிடும். அவிச்ச வேர்க்கடலை போதும்.

இப்போ கணக்குக்கு வருவோம், ஏன்னா 'கிராஃப்ட்'னு பேர் வெச்சுட்டா சாராயம் சாராயம் இல்லைனு ஆயிடாது. 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில்ல 8 சதவிகிதம்னா, சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. 5 சதவிகிதம் இருக்குற ஆறு சின்ன கிளாஸ்லயும் சேர்த்து 30 மில்லி. குறைவுதான். ஆனா, ருசிச்சு முடிச்சதும் யாரும் எழுந்து போறதில்லையே! நாங்களும் போகலை. ஆளுக்கு ரெண்டு அரை லிட்டர் மக் சொன்னோம். அதுல இன்னொரு 50 மில்லி. ஆகமொத்தம் 80. ஈரல் சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 10 மில்லியைத்தான் கழிக்கும். கடுங்காப்பி, எலுமிச்சை, பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி 11 மணிக்கு எழுந்தவங்க காலையில 7 மணிக்கு பைக் எடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினா வழக்கு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டுமேகூட. நாங்க கேப் போட்டுட்டோம். உடம்புக்கு 'இவ்வளவு வரை பாதுகாப்பு'னு ஒரு அளவே கிடையாதுனு 2023-ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சு. ஐரிஷ் தொட்டியில காய்ச்சினாலும் அதேதான்.

இன்னொண்ணும் நடந்துச்சு. ஸ்டவுட் வந்தப்போ எங்கள்ல ஒருத்தன், "ஒரு சிப் மட்டும் குடில. காப்பி மாதிரிதான் இருக்கும்"னு கிளாஸை பூக்கடைக்காரன் பக்கம் தள்ளினான். பாசத்துலதான். நாம எல்லாரும் என்னிக்காவது ஒருத்தர்கிட்ட இப்படித் தள்ளியிருப்போம். அவன் கோபப்படலை. எடுத்து மோந்து பார்த்தான், ரொம்ப நேரம். "எங்கப்பா மேல வர்ற வாடை இது இல்லலே"ன்னான். கிளாஸைத் திருப்பி வெச்சுட்டு அவனோட லைம் சோடாவை எடுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ரெண்டாவது மக்கை நான் பாதியிலயே விட்டுட்டேன்.

கேப்ல வரும்போது அவன்தான் முதல்ல வாயைத் திறந்தான். "ஏலே, அந்த ஹாப்ஸு பூ... கிலோ என்ன விலை போகும்?"