செங்கற்சுவரும் பாசியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில், தமிழகத்துச் செங்கற்சுவர்கள் பலவும் பச்சை படர்ந்து நிற்கும். கிணற்றடி, மதிற்சுவரின் அடிப்பகுதி, துளசி மாடத்தின் நிழற்புறம் ஆகியவை பாசி முதலில் பற்றும் இடங்கள். கண்டவுடன் வெளுப்புத்தூளைக் கரைத்து ஊற்றுவது பலரது வழக்கம். பாசி விரைவில் வெளுத்துவிடும். சுவரோரத்துச் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் இலை கருகி நிற்கும்.

பாசிக்கு வேரில்லை, அது செங்கல்லைத் தின்று வளர்வதும் இல்லை. ஈரமும் ஒளியும் கிடைத்தால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். செங்கல்லோ நுண்துளைகள் நிறைந்தது. பொதுவகைச் செங்கல் 24 மணி நேரம் நீரில் மூழ்கியிருந்தால், தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சலாம் என இந்தியத் தரநிலை இடமளிக்கிறது. மழை விட்ட பின்னரும் அந்த ஈரமே பாசியைக் காக்கிறது. கோடையில் சுவரில் தெரியும் கரும்படலத்தை வெறும் அழுக்கென்று எண்ணுவர். பெரும்பாலும் அது உலர்ந்து உறங்கும் நீலப்பச்சைப்பாசியே; ஒரு மழை பெய்தால் மீண்டும் உயிர்ப்புறும்.

வெளுப்புத்தூளின் குளோரின் இலைத்திசுவை எரிக்கிறது. எஞ்சும் உப்பு மண்ணில் தங்கி, வேர்கள் நீரை உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது. செங்கல்லினுள் புகுந்த உப்போ, உலரும்போது படிகமாகி மேற்பரப்பைப் பொடியாக உதிர்க்கிறது. மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும் அதன் செம்பு சிதைவதில்லை, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். தீங்கற்றது என்று புளிக்காடியைப் பரிந்துரைப்போரும் உளர். அமிலம் பழஞ்சுவரின் சுண்ணாம்புச் சாந்தை அரிக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

நல்ல வெயில் நாளில் சுவர் உலர்ந்த பின், அடியில் சாக்கை விரித்து, தென்னைநார்த் தூரிகையால் தேய்த்தாலே பாசியின் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். தூசி எழுமாதலால் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளல் நலம். கம்பித் தூரிகை ஆகாது. சூளையில் வெந்து இறுகிய மேற்பரப்பை அது கீறிவிடும். அக்கீறல்களில் நீர் தங்கும். எஞ்சிய பாசியைச் சூடான நீர் தொட்டுத் தேய்க்கலாம். வழியும் நீர் வேர்களைச் சுடாதபடி, சுவரடியில் ஒரு தகரத்தைச் சாய்த்து வேறுபுறம் திருப்ப வேண்டும். மருந்து கலவாத இப்பாசி, எருக்குழிக்கும் ஏற்றது.

ஈரத்தின் வழியை அடைக்காவிடின் அடுத்த மழையிலேயே பாசி திரும்பிவிடும். ஒழுகும் மழைநீர்க் குழாயைச் செப்பனிடுதல், சுவரை மூடிய கிளைகளைக் கழித்து வெயிலுக்கு வழிவிடுதல், பூந்தொட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி வைத்தல் ஆகியவை தூரிகையினும் நீடித்த பயன் தருவன. மனிதர் கால்படாத சுவரில் மெல்லிய பசுமை இருப்பின் அதனை விட்டுவிடலாம். படிக்கட்டிலும் கிணற்றடியிலும் படர்ந்தது வழுக்கி வீழ்த்தும் என்பதால், அவ்விடங்களையே முதலில் தேய்க்க வேண்டும்.