கிரிப்டோ வணிகத்தில் பொறுமையும் காலமறிதலும்

முன்னுரை

"பதறாத காரியம் சிதறாது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பெண் பார்ப்பதிலும் வீடு வாங்குவதிலும் இதைக் கடைப்பிடிக்கும் நம்மவர்கள், செல்பேசியில் பத்து நிமிஷத்தில் கணக்கு திறந்து பதினோராவது நிமிஷத்தில் பிட்காயின் வாங்கிவிடுகிறார்கள். மும்பையில் வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் தொழிலில் இருப்பவன் நான். 2022-க்குப் பிறகு ஒவ்வொரு ஜூலை மாதமும் என் மேஜைக்கு வரும் காகிதங்களில் கிரிப்டோ கணக்குகளும் சேர்ந்துகொண்டன. ஒருவர் ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கான தடவை வாங்கி விற்றிருப்பார். "சார், மொத்தத்துல எனக்கு நஷ்டம்தான். அப்புறம் எதுக்கு வரி?" என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போனால் பொறுமை என்ற பழைய விஷயத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. வாங்குவது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், எப்போது இறங்குவது, எத்தனை தடவை இறங்குவது என்பதை மட்டுமே இங்கே பார்க்கப் போகிறோம்.

கதவு மூடாத கடை

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையில்தான் பிட்காயின் பிறந்தது. 2009 ஜனவரி 3-ல் அது இயங்கத் தொடங்கியது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி. இந்த அருமைதான் பலரையும் இழுக்கிறது.

நம் பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. சனி, ஞாயிறு விடுமுறை. குறியீட்டு எண் ஒரே நாளில் 10 சதவீதம் சரிந்தால் வணிகத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் உண்டு. பயந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. கிரிப்டோ சந்தையில் இதெல்லாம் கிடையாது. இரவு 2 மணிக்கும் தீபாவளி அன்றும் விலை ஓடிக்கொண்டேயிருக்கும். 2020 மார்ச் 12 அன்று, கொரோனா பீதியில், 8,000 டாலருக்கு அருகே இருந்த பிட்காயின் ஒரே நாளில் 5,000 டாலருக்குக் கீழே இறங்கியது. நிறுத்துவார் யாருமில்லை.

கடை மூடவில்லை என்றால் வாங்குபவர்தான் தனக்கென்று ஒரு கடை நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுமையின் முதல் படி இதுதான்.

பொறுமையில் இரண்டு வகை

வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில் வைத்தார்; காலமறிதலைப் பொருட்பாலில் வைத்தார். பிறர் செய்த தீங்கைத் தாங்குவது ஒன்று. செயலுக்கு உரிய வேளைக்காகக் காத்திருப்பது இன்னொன்று. சந்தைக்கு வேண்டியது இரண்டாவது. நம்மில் பலர் கையாள்வதோ முதலாவது. விலை ஏறும்போது பொறுக்க முடியாமல் வாங்கிவிட்டு, இறங்கிய பிறகு "வரும், வரும்" என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாங்கும் முன் காக்கும் பொறுமை, வாங்கிய பின் காக்கும் பொறுமை என்று இதைப் பிரிக்கலாம். பின்னதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். 2017 டிசம்பரில் பிட்காயின் 20,000 டாலரை நெருங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து சுமார் 3,200 டாலர். உச்சத்தில் வாங்கியவருக்குப் போட்ட பணம் திரும்பி வர 2020 டிசம்பர் ஆயிற்று. 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவுக்கு ஏறி, எஃப்.டி.எக்ஸ். எக்ஸ்சேஞ்ச் திவாலான 2022 நவம்பரில் 16,000 டாலருக்குக் கீழே போனது. பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 மார்ச்சில். 80 சதவீதம் இறங்கிய பொருள் பழைய இடத்துக்கு வர 80 சதவீதம் ஏறினால் போதாது. ஐந்து மடங்காக வேண்டும்.

பிட்காயினாவது திரும்பி வந்தது. லூனா என்ற நாணயம் 2022 ஏப்ரலில் 100 டாலருக்கு மேல் விற்றது. மே மாத நடுவில் அது ஒரு சென்ட்டுக்கும் கீழே. அதை வைத்துக்கொண்டு பொறுத்தவருக்குப் பொறுமை ஒன்றும் தரவில்லை. வாங்கும் முன் காத்தவருக்கு அதிகபட்ச நஷ்டம், ஒரு லாபம் கை நழுவியது மட்டுமே. கையில் ரூபாய் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் பொறுமை என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

வரி சொல்லித் தரும் பாடம்

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்றது. 2020 மார்ச் 4-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதான்.

முக்கியமான விதி இனிமேல்தான் வருகிறது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தோடு கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த வருஷத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்கவும் கூடாது.

ஒருவர் பத்து தடவை வாங்கி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் தலா 10,000 ரூபாய் லாபம். ஐந்தில் தலா 10,000 ரூபாய் நஷ்டம். அவர் கணக்குப்படி வரவும் செலவும் சரி. சட்டத்தின் கணக்கிலோ லாபம் 50,000 ரூபாய். வரி 15,000, செஸ் 600, ஆக 15,600 ரூபாய் கட்ட வேண்டும். "மொத்தத்துல நஷ்டம், எதுக்கு வரி?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இதையே இன்னொரு விதமாகப் பார்க்கலாம். லாபமும் நஷ்டமும் ஒரே அளவு என்றால், 100 தடவை இறங்குபவர் 60 தடவையாவது ஜெயித்தால்தான் முதல் தப்பும். 59 தடவை ஜெயித்தாலும் கைக்காசு போகும். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல் பாதிக்குப் பாதி ஜெயிப்பவர் நிச்சயமாகத் தோற்பார்.

டி.டி.எஸ். கதையும் இப்படித்தான். 1 சதவீதம்தானே என்று தோன்றும். 1 லட்சம் ரூபாயை 50 தடவை விற்று வாங்கினால், விலை அசையவே இல்லை என்றாலும், கையில் சுழலும் பணம் சுமார் 60,500 ரூபாயாகக் குறைந்துவிடும். மீதி அரசாங்கத்திடம் இருக்கிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்தபின் வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் வேலைக்கு ஆகாது. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் தனி. ஆக, நம் நாட்டில் கிரிப்டோ வணிகருக்குப் பொறுமை என்பது குணம் மட்டுமல்ல, கணக்கும்கூட.

அடிக்கடி இறங்குபவர் அடையும் பலன்

வரி இல்லாத இடத்திலும் கதை இதேதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பார்பர், ஓடியன் இருவரும் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 66,465 குடும்பங்களின் பங்கு வணிகத்தை 1991 முதல் 1996 வரை பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். நம் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள்.

மும்பைவாசிகளான நமக்கு மட்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க் பருத்திச் சந்தையின் திறப்பு விலை என்ன, முடிவு விலை என்ன என்று பந்தயம் கட்டியதில் தொடங்கியது அது. பந்தயம் கட்டியவர்களுக்குப் பருத்தியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விலை பார்த்துப் பிட்காயின் வாங்கி விற்பவருக்கும் அந்தப் பந்தயக்காரருக்கும் அதிக தூரமில்லை.

ஆடிப்பட்டம் உண்டா?

விவசாயிக்கு ஆடிப்பட்டம் இருப்பதுபோல் கிரிப்டோவுக்கும் ஒரு பட்டம் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். பிட்காயினில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புது நாணயங்கள் உருவாகும் அளவு பாதியாகக் குறையும். தொடக்கத்தில் பத்து நிமிஷத்துக்கு 50 நாணயம் என்றிருந்தது. 2012 நவம்பரில் 25, 2016 ஜூலையில் 12.5, 2020 மே மாதத்தில் 6.25, 2024 ஏப்ரலில் 3.125 என்று ஆயிற்று. முதல் மூன்று தடவையும் அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் விலை பெரிய உச்சத்தைத் தொட்டது. நான்காவது தடவையோ, குறைப்புக்கு ஒரு மாதம் முன்பே விலை 73,000 டாலரைத் தாண்டிப் புதிய உச்சத்தைத் தொட்டுவிட்டது. பிறகு 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைக் கடந்தது.

மழைக்காலம் பல நூறு ஆண்டுகளாக நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. மூன்று நான்கு தடவை நடந்ததை வைத்துப் பஞ்சாங்கம் எழுத முடியாது. மேலும் தேதி எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், காத்திருப்பவர்களும் முந்திக்கொள்வார்கள். காலமறிதல் என்றால் தேதி அறிதல் என்று கொள்ளக்கூடாது. இந்த விலையில் இறங்கினால் எவ்வளவு போகலாம், எவ்வளவு வரலாம் என்று அறிவதே காலமறிதல்.

தேர்ந்து இறங்கும் முறை

முதலில் பணத்தைப் பிரிக்க வேண்டும். ஜூன் மாதம் கட்ட வேண்டிய பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டு டெபாசிட், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை ஆகியவற்றுக்கு ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் விலை எப்படியிருந்தாலும் விற்றாக வேண்டும். தேதி குறித்த பணத்தைப் போட்டவருக்குக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, ஒரு தடவைக்கு எவ்வளவு இழக்கலாம் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். 2 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் ஒரு தடவைக்கு 2 சதவீதம், அதாவது 4,000 ரூபாய் இழக்கத் தயார் என்றால், வாங்கிய விலையிலிருந்து 10 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் வைத்து, 40,000 ரூபாய்க்கு மட்டுமே வாங்கலாம். கடன் வாங்கிப் பத்து மடங்கு வணிகம் செய்பவருக்கு அதே 10 சதவீதச் சரிவில் மார்ஜின் முழுவதும் போய்விடும். அவரால் காத்திருக்க முடியாது, எக்ஸ்சேஞ்சே விற்றுவிடும். கடனும் பொறுமையும் ஒரே வீட்டில் குடியிருக்காது.

மூன்றாவது, விலையைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வாங்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். "எல்லாரும் வாங்குறாங்க" என்பதைத் தவிர வேறு காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த வாரம் சும்மா இருக்கலாம். பல வாரங்கள் சும்மாவே போகும். அப்படிப் போவதுதான் சரி.

வேளை பார்க்கத் தெரியாது என்பவர்கள் சீட்டுக் கட்டுவதுபோல் மாதாமாதம் ஒரு சிறு தொகைக்கு வாங்கலாம். இது லாபத்துக்கு உத்தரவாதம் தராது; உச்சத்தில் மொத்தமாக மாட்டிக்கொள்ளாமல் காக்கும், அவ்வளவுதான். அதிலும் எந்த நாணயம் என்ற தேர்வு தவறினால், லூனாவைப்போல் எல்லாத் தவணையும் போய்விடும்.

முடிவுரை

சொந்த ஊரை விட்டு வந்து, ஓவர்டைம் பார்த்து, ஒற்றை அறையில் நாலு பேராக இருந்து சேர்த்த பணத்துக்கு மதிப்பு அதிகம். அதைப் பெருக்க நம் பிள்ளைகள் புது வழிகளைத் தேடுவதில் தப்பில்லை. அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சந்தை எந்நேரமும் திறந்திருக்கும், ஆனால் நாம் எந்நேரமும் உள்ளே போக வேண்டிய கட்டாயமில்லை. பொறுமையை வாங்குவதற்கு முன்னால் செலவழியுங்கள். அப்போது அதற்கு வரியும் இல்லை, வட்டியும் இல்லை.