தெவிட்டியதும் அடர்ந்ததும் ஒன்றல்ல

புசா ரோடு என்றதும் தலைநகர்த் தமிழர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. சாலைக்குப் பெயர் தந்ததோ பீகாரிலுள்ள புசா என்ற ஊர். 1934 பூகம்பத்தில் அங்கிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பலத்த சேதமடைய, 1936-ல் அது டெல்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. பக்கத்திலேயே தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இப்படி விஞ்ஞான வாசனை வீசும் வட்டாரத்திலும் பள்ளிப் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்யும் பாடம் ஒன்று உண்டு. அது தெவிட்டிய கரைசல்.

குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு திரவத்தில் ஒரு பொருள் இதற்கு மேல் கரையாது என்ற நிலையே தெவிட்டிய நிலை. பாயசம் தெவிட்டுகிறது என்று சொல்கிறோமே, அதே சொல்தான். ஹிந்திப் புத்தகத்தில் இது 'சந்திருப்த்'. நம் திருப்திக்கு உறவுக்காரச் சொல்.

தெவிட்டியது என்றால் கெட்டியானது என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பை ஏற்கும். சர்க்கரையையோ சுமார் 200 கிராம். ஆகவே 100 கிராம் சர்க்கரை கரைந்த பாகு கெட்டியானதுதான், ஆனால் தெவிட்டவில்லை. மாறாக, அடியில் சுண்ணாம்பு தங்கியிருக்க மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பாருங்கள். அதில் 100 கிராமுக்குக் கால் கிராம் சுண்ணாம்புகூட இல்லை. ஆயினும் அது தெவிட்டிய கரைசல்.

அடியில் தங்கிய பொருள் சும்மா கிடப்பதாகவும் நினைக்கக் கூடாது. எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு மீண்டும் படிகிறது. கண்ணுக்குத்தான் அசைவில்லை.

வெப்பநிலையைச் சொல்லாமல் விட்டால் விடை பாதிதான். 100 டிகிரியில் அதே 100 கிராம் தண்ணீர் சுமார் 490 கிராம் சர்க்கரையை விழுங்கும். ஆறும்போது அவ்வளவையும் தாங்க முடியாமல் பாகு பூக்கிறது. கல்கண்டு விளைவதும் இப்படித்தான். பாகில் எலுமிச்சைச் சாறு பிழியும் பாட்டிமார் இதைத் தடுக்கவே பிழிகிறார்கள். உப்பு விஷயம் வேறு. கொதிநீரிலும் 39 கிராம்தான் கரையும். எனவே தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் நீரை ஆறவைத்துப் பயனில்லை, வெயிலில் வற்றவைத்தே உப்பு எடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. தெவிட்டிய உப்புநீர் உள்ள மூடிய பெட்டியில் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் நிற்கும். டெல்லி மழைக்காலத்தில் ஈரப்பதம் அதைத் தாண்டும்போது சமையலறை உப்பு ஜாடி வியர்க்கிறது. மக்னீசியம் கலந்த உப்பானால் அதற்கு முன்பே கசியத் தொடங்கிவிடும். வீட்டில் ஈரப்பதமானி இருந்தால், ஒரு சிறு மூடியில் நனைந்த உப்பை வைத்து, இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவைக்கலாம். காலையில் முள் 70-ஐக் காட்டினால், கருவி 5 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம்.